எம்.எஃப்.ஏ. யாருக்கெல்லாம் கட்டாயம்? விலக்குப் பட்டியலிலிருந்து தொடங்குங்கள்

கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நிறுவனத்தில் ஏறக்குறைய 200 பேர். மெயில், கோப்புகள், இ.ஆர்.பி. (கணக்கு, சரக்கு, உற்பத்தி எல்லாவற்றையும் சேர்த்து நிர்வகிக்கும் மென்பொருள்) எல்லாமே க்ளவுடில். அட்மின்களுக்கும் நிதிப் பிரிவுக்கும் மட்டும் எம்.எஃப்.ஏ. (பாஸ்வேர்டோடு ஓடிபி போல இரண்டாவது சரிபார்ப்பு ஒன்றையும், அதாவது இரண்டாம் காரணியையும், கேட்பது) கட்டாயம் என்று வைத்தால் போதுமா, இல்லை எல்லோருக்கும் வைக்க வேண்டுமா? விற்பனைப் பிரிவினர் "எங்களிடம் அப்படி என்ன ரகசியம் இருக்கிறது" என்கிறார்கள். உற்பத்திக் கூடத்தில் வேலை செய்பவர்களுக்குக் கம்பெனி போன் கிடையாது. இயக்குநர்கள் இரண்டு பேர் தங்களை விட்டுவிடச் சொல்கிறார்கள். இது போக வாடிக்கையாளர்களுக்கென்று ஒரு போர்ட்டலும் இருக்கிறது.

பதில்: எல்லோருக்கும். ஆனால் அதோடு வேலை முடியவில்லை. "யாருக்கு வேண்டும்" என்று பட்டியல் போடுவதை விட்டுவிட்டு, "யாருக்கு இல்லை, ஏன் இல்லை, எந்தத் தேதி வரை இல்லை" என்று போடுங்கள். காகிதத்தில் பார்த்தால் இரண்டும் ஒன்றுதான். நடைமுறையில் விளைவு நேர் எதிர். "வேண்டும்" பட்டியலில் ஒரு கணக்கு விடுபட்டால் அது பாஸ்வேர்டை மட்டும் நம்பிக்கொண்டு வருடக்கணக்கில் கிடக்கும், யாருக்கும் தெரியவராது. "இல்லை" பட்டியலில் விடுபட்டால் அந்த ஆள் காலையில் லாகின் ஆக முடியாமல் உங்களுக்கு போன் செய்வார். உங்களுக்குத் தெரியவரும் தவறைத்தானே உங்களால் திருத்த முடியும்?

விற்பனைப் பிரிவினர் கேட்பது நியாயமான கேள்விதான். அதனால் அதற்கு விவரமாகவே பதில் சொல்கிறேன். அவர்களில் ஒருவருடைய மெயில் பாஸ்வேர்ட் வெளியே போய்விட்டது என்று வையுங்கள். உள்ளே வந்தவன் அன்றைக்கே எதையும் எடுத்துக்கொண்டு ஓடுவதில்லை. சாவகாசமாக உட்கார்ந்து படிப்பான். எந்த வாடிக்கையாளருக்கு எப்போது இன்வாய்ஸ் போகிறது, யார் யாரைப் பெயர் சொல்லி அழைக்கிறார்கள், பெரிய தொகை எது, எப்போது வரவேண்டும், எல்லாம். அப்புறம் அந்த மெயில்பெட்டியில் ஒரு விதி எழுதுவான்: "இன்வாய்ஸ்", "பேமென்ட்", "வங்கி" என்ற சொற்களில் ஏதாவது இருக்கும் மெயில் வந்தால் அதைப் படித்ததாகக் குறித்து ஆர்.எஸ்.எஸ். ஃபீட்ஸ் ஃபோல்டருக்குத் தள்ளிவிடு. அவுட்லுக்கில் அந்த ஃபோல்டர் பல வருடமாக இருக்கிறது. அதைத் திறந்து பார்ப்பவர் அநேகமாக யாருமில்லை. அதற்காகவேதான் அதைத் தேர்ந்தெடுக்கிறார்கள். இனி வாடிக்கையாளர் எழுதுவது விற்பனையாளரின் கண்ணில் படாது. ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் மெயில் தொடரிலேயே, அதே கையொப்பத்தோடு, "எங்கள் வங்கி விவரம் மாறியிருக்கிறது, இந்த மாதத்திலிருந்து இதில் அனுப்புங்கள்" என்று ஒரு பதில் போகும். வாடிக்கையாளரும் அனுப்பிவிடுவார். பணம் வரவில்லையே என்று நிதிப் பிரிவு கேட்கும்போதுதான் விஷயம் வெடிக்கும்.

இதில் அட்மின் உரிமை எங்கேயும் தேவைப்படவில்லை. நிதிப் பிரிவின் கணக்கை யாரும் தொடக்கூட இல்லை. விற்பனையாளரின் பெட்டியில் ரகசியம் எதுவும் இல்லாமலே இருக்கலாம். வாடிக்கையாளர் அவர் மீது வைத்திருக்கும் நம்பிக்கைதான் திருடுபோனது. சாதாரணக் கணக்கு இன்னொரு விதத்திலும் பயன்படும்: உள்ளிருந்து வரும் மெயிலைச் சக ஊழியர்கள் சந்தேகப்பட மாட்டார்கள். "இந்தக் கோப்பைக் கொஞ்சம் பாருங்கள்" என்று ஒரு மெயில் ஐ.டி. பிரிவுக்குப் போனால் போதும்.

"முக்கியமானவர்களுக்கு மட்டும்" என்ற அணுகுமுறையில் இன்னொரு கோளாறு, எது முக்கியம் என்று நாம் நினைப்பதும் உள்ளே வருபவனுக்கு எது உதவுகிறது என்பதும் ஒன்றாக இருப்பதில்லை. 2024 ஜனவரியில் மைக்ரோசாஃப்ட் வெளியிட்ட சம்பவத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மிட்நைட் ப்ளிஸார்ட் என்று அவர்கள் பெயர் வைத்திருக்கும் ரஷ்ய அரசு சார்ந்த குழு, 2023 நவம்பர் கடைசியில் ஒரு பழைய சோதனைக் கணக்குக்குள் நுழைந்தது. அது அன்றாட வேலையில் இருந்த அமைப்பே கிடையாது. வழக்கமான பாஸ்வேர்டுகளைப் பல கணக்குகளில் வரிசையாகப் போட்டுப் பார்க்கும் பழைய முறைதான், எம்.எஃப்.ஏ. இல்லாததால் பலித்தது. அந்தச் சோதனைச் சூழலில் இருந்த ஒரு செயலிக்கு நிறுவனத்தின் முதன்மைச் சூழலில் பெரிய உரிமை இருந்தது. அந்த வழியாகத் தலைமை நிர்வாகிகளின் மெயில் வரை போய்விட்டார்கள். எம்.எஃப்.ஏ. தொழில்நுட்பத்தை உலகத்துக்கே விற்கும் நிறுவனத்தில் நடந்தது இது.

அமெரிக்க எரிபொருள் குழாய் நிறுவனமான கொலோனியல் பைப்லைன், 2021 மே: யாரும் பயன்படுத்தாமல், ஆனால் முடக்கப்படாமல் கிடந்த ஒரு விபிஎன் (வெளியிலிருந்து அலுவலக வலைக்குள் நுழையும் இணைப்பு) கணக்கு. பாஸ்வேர்ட் மட்டும். ஊடுருவியவர்களுக்குக் கொடுத்த பிணைத்தொகை 75 பிட்காயின், அன்றைய மதிப்பில் சுமார் 44 லட்சம் டாலர். அமெரிக்க மருத்துவக் கட்டணங்களைக் கையாளும் சேஞ்ச் ஹெல்த்கேர், 2024 பிப்ரவரி: வெளியிலிருந்து நுழையும் சிட்ரிக்ஸ் போர்ட்டலில் எம்.எஃப்.ஏ. இல்லை, 2.2 கோடி டாலர் கொடுத்தார்கள். வெளியிலிருந்து அணுகக்கூடிய எல்லா அமைப்புகளிலும் எம்.எஃப்.ஏ. இருக்க வேண்டும் என்பதுதான் தங்கள் கொள்கை என்று தாய் நிறுவனத்தின் அப்போதைய தலைமைச் செயல் அதிகாரி ஆண்ட்ரூ விட்டி அமெரிக்க நாடாளுமன்றக் குழுவிடம் சொன்னார். கொள்கை இருந்தது. அந்த ஒரு சர்வரில் மட்டும் அது போய்ச் சேரவில்லை. ஆகவே "பயனர்கள்" என்று சொல்லும்போது சம்பளப் பட்டியலை மட்டும் பார்க்காதீர்கள். சோதனைக் கணக்கு, வேலையை விட்டுப் போனவரின் கணக்கு, ஒப்பந்த ஊழியர், தணிக்கையாளர், மென்பொருள் விற்றவரின் சப்போர்ட் ஆட்கள், நான்கு பேர் சேர்ந்து பயன்படுத்தும் பொதுக் கணக்கு என்று லாகின் ஆகக்கூடிய எல்லாமே பயனர்தான்.

கொஞ்சம் பேருக்குக் கட்டாயம் என்று ஆரம்பித்த பெரிய இடங்களும் எல்லோருக்கும் என்றுதான் வந்து நின்றிருக்கின்றன. நிரல்களைச் சேமித்துப் பகிரும் தளமான கிட்ஹப், 2022 பிப்ரவரியில் தன் ஜாவாஸ்கிரிப்ட் தொகுப்புக் களஞ்சியமான என்.பி.எம்.-இல் அதிகம் பயன்படும் 100 தொகுப்புகளின் பராமரிப்பாளர்களிடம் ஆரம்பித்தது. 2023-இல் நிரல் பங்களிக்கும் எல்லோருக்கும் படிப்படியாகக் கட்டாயமாக்கியது. பைதான் தொகுப்புகளைத் தரும் பைபிஐ 2022-இல் மேல்நிலை 1 சதவீதத் தொகுப்புகளுக்கு என்று அறிவித்து, 2024 தொடக்கத்தில் எல்லோருக்கும் என்று ஆக்கிவிட்டது. இந்த இடைக்காலத்தைத் தாண்டிவிட முடிந்தால் தாண்டிவிடுங்கள். 200 பேர் உள்ள இடத்தில் தாண்டலாம். அவரவர் விருப்பம் என்று விடுவது மட்டும் வேண்டாம்: 2020-இன் இரண்டாம் பாதியில் ட்விட்டரில் இரண்டாம் காரணியைத் தாங்களாகவே போட்டுக்கொண்டவர்கள் 2.3 சதவீதம்தான் என்று அந்த நிறுவனமே வெளியிட்டது.

சரி, விலக்குக்கு வருவோம். உண்மையான முடிவுகள் எல்லாம் இங்கேதான் இருக்கின்றன.

முதலில், மனிதர்கள் பயன்படுத்தாத கணக்குகள். இரவில் பேக்கப் எடுக்கும் ஸ்கிரிப்ட், மெயில் அனுப்பும் ஸ்கேனர், இ.ஆர்.பி.யிலிருந்து அறிக்கை இழுக்கும் நிரல். இவை ஓடிபி பார்த்து அடிக்க முடியாது. அதனால் எம்.எஃப்.ஏ. கிடையாது என்று விட்டால், பெரிய உரிமையும் பழைய பாஸ்வேர்டும் உள்ள கணக்குகள்தான் உங்கள் நிறுவனத்தில் பாதுகாப்பே இல்லாதவையாக இருக்கும். சரியான வழி, அவற்றை மனிதக் கணக்குகளாகவே வைக்காமல் இருப்பது. க்ளவுடுகளில் இதற்கென்றே சர்வீஸ் பிரின்சிபல், மேனேஜ்ட் ஐடென்டிட்டி போன்றவை இருக்கின்றன. அவை பாஸ்வேர்டே இல்லாமல் வேலை செய்யும், அல்லது சான்றிதழைக் கேட்கும். மாற்ற முடியாத பழைய கருவி என்றால் அந்தக் கணக்கு ஒரே ஒரு ஐ.பி. முகவரியிலிருந்து மட்டும் வரலாம், ஒரே ஒரு வேலை மட்டும் செய்யலாம், உட்கார்ந்து லாகின் ஆக முடியாது என்று கட்டிப்போடுங்கள். மெயிலை இழுக்கும் பழைய ஐமேப், பாப் இணைப்புகளையும் இதே சமயத்தில் மூடிவிடுங்கள். பாஸ்வேர்டை மட்டும் வைத்து நுழையும் அந்தப் பழைய முறையில் இரண்டாம் காரணியைக் கேட்க இடமே இல்லை; எம்.எஃப்.ஏ. போட்ட கணக்குக்குள்ளும் பின்வாசல் வழியாக வந்துவிடலாம். மைக்ரோசாஃப்ட் 2022 அக்டோபரிலிருந்து தன் க்ளவுட் மெயில் சேவையான எக்ஸ்சேஞ்ச் ஆன்லைனில் அதை மூடத் தொடங்கியதற்குக் காரணம் இதுதான். உங்கள் சொந்த மெயில் சர்வரில் அது திறந்திருக்கிறதா என்று பாருங்கள்.

அடுத்து, அவசரக் கணக்கு. எம்.எஃப்.ஏ. சேவையே விழுந்துவிட்டால், அல்லது ஒரே அட்மினின் போன் தொலைந்துபோனால், உள்ளே போக ஒரு வழி வேண்டும். இரண்டு அவசரக் கணக்குகள் வைத்துக்கொள்ளச் சொல்வது வழக்கம். முன்பெல்லாம் இவற்றை எம்.எஃப்.ஏ.யிலிருந்து விலக்கி, நீண்ட பாஸ்வேர்டை உறையில் போட்டுப் பெட்டகத்தில் வைக்கச் சொல்வார்கள். தன் க்ளவுடை நிர்வகிக்கும் அசூர் போர்ட்டலுக்கு மைக்ரோசாஃப்ட் 2024 அக்டோபரிலிருந்து எம்.எஃப்.ஏ.யைக் கட்டாயமாக்கியபோது அவசரக் கணக்குகளுக்கும் விலக்குத் தரவில்லை. நல்லதுதான். இப்போது கணக்குக்கொரு ஹார்டுவேர் கீயை (கணினியில் செருகி அடையாளம் காட்டும் சின்னக் கருவி) இரண்டு வெவ்வேறு இடங்களில் பூட்டி வைப்பதே முறை. அந்தக் கணக்கில் யாராவது லாகின் ஆனால் உடனே எச்சரிக்கை பறக்க வேண்டும். அவ்வப்போது எடுத்துச் சோதித்தும் பாருங்கள். தேவைப்படும் நாளில்தான் கீ வேலை செய்யவில்லை என்று தெரியக் கூடாது.

உற்பத்திக் கூடம். இங்கே இரண்டு பிரச்சினைகள் ஒன்றாகக் கலந்து பேசப்படுகின்றன. கம்பெனி போன் இல்லை என்பது ஒன்று. சொந்த போனில் கம்பெனி ஆப் போட மாட்டோம் என்பது இன்னொன்று. இரண்டாவதில் பெரும்பகுதி பயம்தான். 30 விநாடிக்கு ஒரு எண் காட்டும் ஆத்தென்டிகேட்டர் ஆப், போனின் கடிகாரத்தையும் பதிவின்போது வாங்கிய ஒரு ரகசியச் சாவியையும் வைத்து எண்ணைக் கணக்கிடுகிறது. அதற்கு இணையம்கூட வேண்டாம், போனில் உள்ளதை அது கம்பெனிக்கு அனுப்புவதும் இல்லை. இதை எடுத்துச் சொன்னால் பலர் ஒத்துக்கொள்வார்கள். மாட்டேன் என்பவரைக் கட்டாயப்படுத்தாதீர்கள். சொந்தப் பொருளை வேலைக்குக் கொடு என்று கேட்பது வேறு பிரச்சினையைக் கிளப்பும். அவருக்கு ஒரு ஹார்டுவேர் கீ கொடுங்கள். நுழைவு அட்டையே ஸ்மார்ட் கார்டாக இருந்தால் இன்னும் சுலபம்.

கூடத்தில் பத்துப் பேர் மாறி மாறித் தொடும் டேப்லெட்டுக்கு மட்டும் உண்மையிலேயே விலக்குத் தரலாம். ஆனால் அந்தக் கணக்கின் கை எவ்வளவு தூரம் நீளும் என்று பார்த்துத் தர வேண்டும். கார்டுப் பரிவர்த்தனைகளுக்கான பிசிஐ விதிகளில் இதற்கு நல்ல முன்மாதிரி இருக்கிறது. அதன் 4-ஆம் பதிப்பு, அட்மின்களுக்கு மட்டும் என்றிருந்ததை விரித்து, கார்டு தரவுச் சூழலுக்குள் வரும் எல்லா அணுகல்களுக்கும் எம்.எஃப்.ஏ. என்று ஆக்கியது, 2025 மார்ச் 31-க்குப் பிறகு அது கட்டாயம். ஆனால் ஒரு நேரத்தில் ஒரே ஒரு கார்டு எண்ணை மட்டும் பார்க்கக்கூடிய கல்லாப் பெட்டி முனையக் கணக்குகளை விட்டுவிட்டது. உங்கள் டேப்லெட் கணக்குக்கும் அதே அளவுகோல் போதும். உற்பத்தி எண்ணிக்கையைப் பதிய மட்டும் முடிகிறது, மெயில் கிடையாது, அந்தக் குறிப்பிட்ட கருவியைத் தவிர வேறெங்கிருந்தும் நுழைய முடியாது என்றால் விலக்குத் தரலாம். அதே கணக்கில் ஷேர்டு ஃபோல்டர் எல்லாம் தெரிகிறது என்றால் கூடாது.

இயக்குநர்களுக்கு விலக்கு இல்லை. இதை நீளமாகப் பேச ஒன்றுமில்லை. அவர்கள் பெயரில் போகும் ஒரு மெயிலுக்கு நிறுவனத்தில் யாரும் மறுகேள்வி கேட்பதில்லை என்பதே காரணம். அவர்களுடைய உண்மையான மனக்குறை, அடிக்கடி கேட்கிறது என்பதாகத்தான் இருக்கும். அதைத் தீர்க்க வேறு வழி உண்டு, கீழே சொல்கிறேன்.

விலக்குத் தந்தால் எழுதி வையுங்கள். இந்த அளவுக்கு இருந்தால் போதும்: "கணக்கு: இரண்டாம் மாடி ஸ்கேனர். காரணம்: கருவி பழையது, மெயில் அனுப்பப் பாஸ்வேர்ட் மட்டுமே ஏற்கும். மாற்றுக் கட்டுப்பாடு: அலுவலக ஐ.பி. மட்டும், அனுப்ப மட்டும் முடியும், உள்பெட்டி இல்லை. பொறுப்பு: நிர்வாகப் பிரிவு மேலாளர். முடியும் நாள்: மார்ச் 31." கடைசி வரிதான் உயிர். முடியும் நாள் இல்லாத விலக்கு நிரந்தர விலக்காகிவிடும், போட்டவர் வேலையை விட்டே போயிருப்பார்.

ஏன் இவ்வளவு கறார் என்றால், விலக்கும் மறதியும் சேரும்போது என்ன நடக்கும் என்பதை 2022 மார்ச்சில் அமெரிக்க இணையப் பாதுகாப்பு முகமையான சிசா வெளியிட்ட ஓர் எச்சரிக்கை அப்பட்டமாகக் காட்டுகிறது. ஓர் அரசு சாரா அமைப்பு. எம்.எஃப்.ஏ. வைத்திருந்தார்கள், டூயோ என்ற சேவை. அங்கே ஒரு கணக்கு நெடுநாள் பயன்படுத்தப்படாததால் டூயோவில் அதன் பதிவு தானாக நீங்கியிருந்தது. ஆனால் எல்லாக் கணக்குகளையும் வைத்திருக்கும் விண்டோஸ் அமைப்பான ஆக்டிவ் டைரக்டரியில் யாரும் அதை முடக்கவில்லை. பாஸ்வேர்டும் ஊகிக்கக்கூடியது. ரஷ்ய அரசு சார்ந்த ஊடுருவிகள் அதைக் கண்டுபிடித்து நுழைந்தார்கள். எம்.எஃப்.ஏ. கணினி பார்த்தது: இந்தக் கணக்குக்குக் கருவி எதுவும் பதிவாகவில்லை, புதிய ஆள் போலிருக்கிறது, பதிந்துகொள்ளுங்கள் என்றது. அவர்கள் தங்கள் சொந்தக் கருவியைப் பதிந்துகொண்டார்கள்.

அங்கிருந்து விண்டோஸின் பிரின்ட் ஸ்பூலரில் இருந்த பிரின்ட்நைட்மேர் ஓட்டை வழியாக அட்மின் உரிமை. அடுத்து செய்ததுதான் சாமர்த்தியம். லாகின்களைச் சரிபார்க்கும் மைய சர்வரான டொமைன் கன்ட்ரோலரில், எந்தப் பெயருக்கு எந்த முகவரி என்று சொல்லும் ஹோஸ்ட்ஸ் கோப்பைத் திறந்து, டூயோவின் சர்வர் முகவரிக்கு எதிரே அந்தக் கணினியின் சொந்த முகவரியையே எழுதினார்கள். இனி "இந்த ஆள் சரியா?" என்ற கேள்வி வெளியே போகாது, தனக்குத் தானே கேட்டுக்கொண்டு பதில் வராமல் நிற்கும். அந்த அமைப்பு "சேவையைத் தொடர்புகொள்ள முடியாவிட்டால் அனுமதி" என்று வைக்கப்பட்டிருந்தது. அதுவே இயல்பு நிலை அமைப்பும்கூட. ஆக ஒரே ஒரு வரியில் அந்த டொமைனில் எல்லோருக்கும் எம்.எஃப்.ஏ. இல்லாமல் போய்விட்டது. அட்மின் உட்பட.

இதிலிருந்து உங்களுக்கு எடுத்துக்கொள்ள மூன்று வேலைகள் கிடைக்கின்றன. பயன்படாத கணக்கை எம்.எஃப்.ஏ.யிலிருந்து மட்டும் நீக்கிவிட்டு விடாதீர்கள், கணக்கையே முடக்குங்கள். கருவி பதியாத கணக்குக்கு எங்கிருந்து வேண்டுமானாலும் யார் வேண்டுமானாலும் பதியலாம் என்று வைக்காதீர்கள்; அலுவலக வலையிலிருந்தோ, ஐ.டி. பிரிவு நேரில் தரும் ஒருமுறைக் குறியீட்டைக் கொண்டோதான் முதல் பதிவு நடக்க வேண்டும். சேவை விழுந்தால் திறக்கும் என்று இருக்கிறதா, மூடும் என்று இருக்கிறதா என்பதைப் பார்த்து, தெரிந்தே முடிவெடுங்கள். மூடும் என்று வைக்கப் பயமாக இருந்தால் மேலே சொன்ன அவசரக் கணக்கு எதற்காக இருக்கிறது?

எல்லோருக்கும் எம்.எஃப்.ஏ. என்றால் எல்லோருக்கும் ஒரே வகை என்று பொருளில்லை. ஆளுக்கு ஆள் வேறுபடுத்த வேண்டியது இங்கேதான். உங்கள் மூலக்கேள்வியில் இருந்த "அட்மின், நிதி" என்ற பட்டியலைத் தூக்கிப் போடாதீர்கள். வலுவான காரணி யாருக்கு என்பதற்கு அதுவே பயன்படும். எஸ்.எம்.எஸ். எதுவும் இல்லாததைவிட மேல், ஆனால் சிம் மாற்று மோசடியில் (உங்கள் எண்ணைத் தங்கள் சிம்முக்கு மாற்றிக்கொள்வது) போய்விடும். ஆப் காட்டும் ஆறு இலக்க எண்ணையும் போலிப் பக்கத்தில் அடிக்க வைத்து, அந்த 30 விநாடிக்குள் உண்மையான பக்கத்தில் போட்டுவிட முடியும். "அனுமதி" பொத்தானை அழுத்தும் புஷ் அறிவிப்பை நச்சரித்தே வாங்கிவிடுவார்கள்: 2022 செப்டம்பரில் ஊபரின் ஒப்பந்த ஊழியர் ஒருவருக்கு அறிவிப்புக்கு மேல் அறிவிப்பு அனுப்பி, கடைசியில் ஒன்றை அழுத்த வைத்துத்தான் உள்ளே போனார்கள். திரையில் தெரியும் எண்ணைப் போனில் அடிக்கச் சொல்லும் முறையை மைக்ரோசாஃப்ட் 2023 மே மாதத்திலிருந்து தன் ஆத்தென்டிகேட்டரில் எல்லோருக்கும் கட்டாயமாக்கியது இந்த நச்சரிப்புக்காகத்தான்.

ஹார்டுவேர் கீ, பாஸ்கீ (போனிலோ கணினியிலோ சேமித்து வைக்கும் அதே வகைச் சாவி) இரண்டும் வேறு ரகம். அவை இணையதள முகவரியோடு கட்டப்பட்டவை. மனிதன் ஏமாந்தாலும் அவை போலி முகவரிக்குப் பதில் தராது. 2022 ஜூலையில் க்ளவுட்ஃப்ளேர் ஊழியர்கள் 76 பேருக்காவது போலி லாகின் பக்கத்துக்கான குறுஞ்செய்தி வந்தது. மூன்று பேர் பாஸ்வேர்டை அடித்தேவிட்டார்கள். எல்லோரிடமும் ஹார்டுவேர் கீ கட்டாயமாக இருந்ததால் ஊடுருவல் அங்கேயே நின்றது. பாதுகாப்புத் தொழில் செய்யும் நிறுவனத்திலேயே மூன்று பேர் ஏமாறுவார்கள் என்றால், உங்கள் இடத்தில் பயிற்சி வகுப்பு நடத்தி யாரும் ஏமாறாமல் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைக்க வேண்டாம். அட்மின்கள், பணம் அனுப்பும் உரிமை உள்ளவர்கள், ஹெல்ப்டெஸ்க், இயக்குநர்கள்: இவர்களுக்குக் கீ அல்லது பாஸ்கீ மட்டும். மற்றவர்களுக்கு எண் பொருத்தும் ஆப் இப்போதைக்குப் போதும். எஸ்.எம்.எஸ்.ஸை யாருக்கும் முதல் வழியாக வைக்காதீர்கள்.

ஹெல்ப்டெஸ்க்கை அந்தப் பட்டியலில் சேர்த்ததற்குக் காரணம் இருக்கிறது. "போன் தொலைந்துவிட்டது, எம்.எஃப்.ஏ.யை ரீசெட் செய்யுங்கள்" என்று கேட்டால் செய்து தருகிறவர் யாரோ, அவரிடம்தான் எல்லோருடைய எம்.எஃப்.ஏ.யும் இருக்கிறது. அழைப்பவரின் குரலையும் பணியாளர் எண்ணையும் வைத்து ரீசெட் செய்யக் கூடாது. கோப்பில் உள்ள எண்ணுக்குத் திரும்ப அழைக்க வேண்டும், அல்லது அவருடைய மேலாளர் உறுதி செய்ய வேண்டும். அட்மின் கணக்கு என்றால் நேரில் வரட்டும்.

எவ்வளவு அடிக்கடி கேட்பது என்பதற்கு என் கருத்து: பழக்கமான, கம்பெனி நிர்வகிக்கும் கருவியில் அரிதாகக் கேளுங்கள், புதுக் கருவி, புது ஊர், பணப் பரிமாற்றம், அட்மின் வேலை என்றால் அப்போதே கேளுங்கள். ஒரு நாளில் பல தடவை கேட்டால் கை தானாக "அனுமதி"யை அழுத்தப் பழகிவிடும், அது பாதுகாப்புக்கே எதிரி. இயக்குநர்களின் முணுமுணுப்பும் இதில் பெரும்பாலும் அடங்கிவிடும். ஆனால் "அலுவலக வலைக்குள் இருந்தால் கேட்க வேண்டாம்" என்ற பிரபலமான சலுகையை நான் தர மாட்டேன். விபிஎன் வழியாக வந்தவனும் அலுவலக வலைக்குள்தான் இருக்கிறான்.

எந்த வரிசையில் போவது? முதலில் ஐ.டி. பிரிவு, அவர்கள்தான் மற்றவர்களின் சந்தேகங்களைத் தீர்க்க வேண்டும். உடனே அட்மின், நிதி, இயக்குநர்கள். அப்புறம் வெளியிலிருந்து வேலை பார்ப்பவர்களும் ஒப்பந்தக்காரர்களும். பிறகு மற்றவர்கள், பிரிவு பிரிவாக. மைக்ரோசாஃப்ட் 365 என்றால் விதியை "எல்லாப் பயனர்களும்" என்று எழுதி, விலக்கு ஒரே ஒரு குழுவாக இருக்கட்டும். முதலில் அறிக்கை மட்டும் தரும் நிலையில் ஓட விட்டால் யார் யார் மாட்டுவார்கள் என்று லாகில் தெரியும். கூகுள் வொர்க்ஸ்பேஸில் பிரிவு வாரியாகக் கட்டாய நாளை வைக்கலாம், புதிதாகச் சேர்பவர்களுக்குப் பதிய அவகாசமும் தரலாம். அவகாசத்தின் அளவுக்குக் கிட்ஹப் செய்தது நல்ல மாதிரி: பதிய 45 நாள், அதற்கு மேல் ஒரு வாரம் தள்ளிப்போடலாம், பிறகு பதியாமல் உள்ளே போக முடியாது. பதிந்த 28 நாள் கழித்து ஒரு முறை சோதித்துப் பார்க்கச் சொல்வார்கள். தப்பாகப் பதிந்தவர்கள் அப்போதே அகப்படுவார்கள். உங்கள் அளவுள்ள இடத்துக்கு 45 நாள் தேவையில்லை, இரண்டு மூன்று வாரம் தாராளம். ஒவ்வொருவரையும் இரண்டு வழிகளைப் பதியச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் போன் மாற்றுகிறவர்கள் எல்லோரும் ஹெல்ப்டெஸ்க் வாசலில் நிற்பார்கள்.

எல்லாம் முடிந்தபின் லாகின் பதிவேட்டில் "ஒற்றைக் காரணியில் வெற்றி பெற்றவை" என்று வடிகட்டிப் பாருங்கள். அதில் வருவது எல்லாம் உங்கள் விலக்குப் பட்டியலில் இருக்க வேண்டும். பட்டியலில் இல்லாத ஒன்று வந்தால் அன்றைக்கே தேடுங்கள்.

கடைசியாக வாடிக்கையாளர் போர்ட்டல். ஊழியருக்குச் சொல்வது போல வாடிக்கையாளருக்கு உத்தரவு போட முடியாது என்பது உண்மை. அதற்காக அவர்கள் விருப்பம் என்று விட்டுவிட்டால் பழி உங்கள் மேல்தான் வரும். க்ளவுடில் தரவைச் சேமித்துத் தரும் ஸ்னோஃப்ளேக் நிறுவனத்துக்கு 2024-இல் அதுதான் நடந்தது. அதன் வாடிக்கையாளர்கள் எம்.எஃப்.ஏ. போடாத கணக்குகளில், திருடிய பாஸ்வேர்டுகளை வைத்து நுழைந்தார்கள். பாதிப்புக்கு உள்ளாகியிருக்கலாம் என்று எச்சரிக்கப்பட்ட நிறுவனங்கள் சுமார் 165. ஸ்னோஃப்ளேக்கின் அமைப்பு உடைக்கப்படவில்லை, ஆனால் செய்திகளில் அடிபட்டது ஸ்னோஃப்ளேக் பெயர். அதே வருட அக்டோபரிலிருந்து புதிய கணக்குகளில் மனிதப் பயனர்களுக்கு எம்.எஃப்.ஏ. இயல்பாகவே உண்டு என்று மாற்றினார்கள்.

போர்ட்டலில் யாரைக் கட்டாயப்படுத்துவது என்பதற்கு நான் ஒரே கேள்விதான் கேட்பேன்: இந்தக் கணக்கு போனால் அந்த ஆளுக்கு மட்டும் நஷ்டமா, வேறு யாருக்காவதும் நஷ்டமா? மரபணுச் சோதனை செய்யும் 23அண்ட்மீ நிறுவனத்தில் 2023-இல் பழைய பாஸ்வேர்டுகளைப் போட்டு நேரடியாக நுழையப்பட்ட கணக்குகள் சுமார் 14,000. உறவினர்களைக் கண்டுபிடிக்கும் வசதி வழியாக விவரம் வெளியே போனது சுமார் 69 லட்சம் பேருடையது. தங்கள் பாஸ்வேர்டைப் பத்திரமாக வைத்திருந்தவர்களும் அதில் மாட்டினார்கள். அந்த நவம்பரிலேயே எல்லா வாடிக்கையாளர்களுக்கும் இரட்டைச் சரிபார்ப்பைக் கட்டாயமாக்கினார்கள்.

ஆகவே உங்கள் போர்ட்டலில் தன் நிறுவனத்தின் மற்ற பயனர்களைச் சேர்க்கவும் நீக்கவும் முடிகிற வாடிக்கையாளர் அட்மினுக்கு இப்போதே கட்டாயமாக்குங்கள். ஆர்டர் நிலவரம் மட்டும் பார்ப்பவரை லாகினில் தொந்தரவு செய்ய வேண்டாம். அவர் டெலிவரி முகவரியையோ வங்கி விவரத்தையோ மாற்றப் போகும்போது, அல்லது மொத்தத் தரவையும் பதிவிறக்கும்போது, அந்த இடத்தில் நிறுத்திக் கேளுங்கள். மாற்றம் நடந்ததும் பழைய மெயில் முகவரிக்கும் ஒரு தகவல் போகட்டும், புதியதுக்கு மட்டும் போனால் பயனில்லை.